கேன்டீனில் எழுந்து நின்ற நாள்

எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் எங்கள் கம்பெனி பஸ் நின்றுபோயிருந்தது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் காலை ஷிப்டு போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பாதிப் பேர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீசல் புகையோடு யாருடைய டப்பாவிலிருந்தோ கசிந்த புளிச்சோற்று வாசமும் கலந்து வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"பவி, எனக்கு இன்னாவோ மாதிரி கீதுடி. எழுந்திரிக்க முடியும்னு தோணல."

எங்கள் யூனிபார்ம் வெளிர் சாம்பல் நிறம். அவள் மடிக்குக் கீழே அது கறுப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். சீட் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா இது? மாசத் தேதியா?"

"இல்லடி. கலைக்க மாத்திரை போட்டேன். மெடிக்கல்ல சொல்லி அவர்தான் வாங்கியாந்தாரு. கொஞ்சம் போவும், அப்பால நின்னுடும்னாங்களாம். நிக்கவே மாட்டேங்குது."

நான் எழுந்து டிரைவரிடம் போனேன். "அண்ணா, வண்டிய ஓரமா எறக்குங்க. நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு உடுங்க."

"கார்டு பஞ்ச் பண்ற டைம் பூடும்மா. கம்பெனில கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? ஆம்புலன்சுக்குப் போன் போடு."

"இந்த ஜாம்ல ஆம்புலன்ஸ் எங்கண்ணா வரும்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் திரும்பிச் சத்தமாகச் சொன்னேன்: "கஸ்தூரி அக்காவுக்கு ரத்தம் போய்க்கினே கீது. இன்னிக்கு பஞ்ச் போனா போவட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க." தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக் கை தூக்கினார்கள். டிரைவர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். இடது சக்கரம் மண்ணில் இறங்க, பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, லாரிகளின் ஓரமாக ஊர்ந்தது.

இதை எழுதலாமா என்று போன மாதம் கஸ்தூரியிடம் கேட்டேன். "எழுது, பேரை மட்டும் மாத்திக்கோ" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

எனக்கு ரத்தம் புதிதல்ல

அன்று பஸ்ஸில் எனக்கு மட்டும் கை நடுங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதற்குக் காரணம் தைரியம் இல்லை. எனக்கு அந்த நிறமும் வாடையும் பழகியிருந்தன.

பிளஸ் டூ படிக்கும்போதே எனக்கு மாதவிடாய் வந்தால் பாதி மாதம் நிற்காது. பெஞ்சிலிருந்து கடைசியாக எழுந்திருப்பேன். பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பேன். அம்மாவிடம் சொன்னால், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் பூடும்" என்பாள். அவளுக்கும் அவளுடைய அம்மா அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பாலிடெக்னிக்கில் ஒரு பரீட்சையின்போது ஹாலிலேயே மயங்கி விழுந்தேன். அதன் பிறகுதான் நைனா அம்மாவிடம் பிடிவாதமாக என்னைத் திருவள்ளூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ஹார்மோன் சரியாக வேலை செய்யாததால் வரும் போக்கு என்று டாக்டர் சொன்னார். இரும்புச் சத்து மாத்திரையோடு இன்னொரு மாத்திரையும் எழுதினார்.

"இது கர்ப்பத்தடை மாத்திரைதான். உனக்கு இப்போ ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தக் கொடுக்கிறேன். பேரைக் கேட்டு பயப்படாதே" என்றார். பி.பி. பார்த்தார். வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையும் வியாதி உண்டா, ஒற்றைத் தலைவலி வருமா என்றெல்லாம் கேட்ட பிறகுதான் எழுதினார்.

திரும்பி வரும்போது எலக்ட்ரிக் ரயிலில் அம்மா ஆவடி வரைக்கும் பேசவில்லை. பிறகு என் காதருகே குனிந்து, "புள்ள நிக்காம இருக்கப் போடுறதாமே அது? யார்னா பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றாள்.

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க."

"உனக்கு இன்னா, சொல்லிடுவ. நாளைக்கு பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு நான்தான பதில் சொல்லணும்?"

அந்த அட்டைகளை அம்மா அரிசி மாவு வைக்கும் தூக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். தினமும் மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஒன்றை மட்டும் பிய்த்து என் உள்ளங்கையில் வைப்பாள். திருடிக் கொடுப்பது போல இருக்கும். சில மாதங்களில் எனக்குப் போக்கு ஒழுங்குக்கு வந்தது. கன்னத்தில் நிறம் வந்தது. கார்களுக்கு வயர் கோக்கும் இந்தக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்ய முடிந்தது அதனால்தான். எங்கள் வீட்டில் அம்மாவையும் நைனாவையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

வாசலில் நின்ற ஏழுமலை

ஆஸ்பத்திரியில் கஸ்தூரியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் உதடு வெளுத்திருந்தது. ரத்தம் ஏற்றினார்கள். உள்ளே மிச்சம் தங்கியிருந்ததைச் சுத்தம் செய்தார்கள். நான் வராண்டாவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் யூனிபார்மில் பட்டிருந்த கறையை ஈரத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய கணவர் ஏழுமலை வாட்டர் கேன் வண்டியிலேயே வந்து சேர்ந்தார். கேன்களை இறக்கக்கூட இல்லை. வார்டு வாசலில் நின்றாரே தவிர உள்ளே வரக் கால் எழவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தார். இளம் வயதுதான். ஆனால் பேச்சில் அவசரமில்லை.

"மாத்திரை வாங்கிக் கொடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"எந்த டாக்டர் எழுதினாங்க?"

"டாக்டருன்னு இல்ல மேடம்... கடையில கேட்டேன், குடுத்தாங்க."

"எத்தனை வாரம்னு பார்த்தீங்களா?"

ஏழுமலை தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார்.

"அவங்க நினைச்சதைவிட நாள் அதிகம். ஏற்கெனவே ரத்தம் கம்மி. இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நான் உங்ககிட்ட வேற விஷயம் பேசிட்டிருப்பேன்."

"ரெண்டு பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போய்க்கினு கீதுங்க மேடம். மூணாவது தாங்காதுன்னு ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணோம். ஆஸ்பத்திரிக்கு வந்தா தெரிஞ்சவங்க யார்னா பாத்துடுவாங்கன்னு..." அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் குரலைத் தணித்தார். "கலைக்கணும்னு நினைச்சது குத்தம்னு நான் சொல்லல. சட்டத்துலயே அதுக்கு இடமிருக்கு. ஆனா ஸ்கேன் பார்க்கணும். கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்கான்னு பார்க்கணும், ரத்தம் பார்க்கணும். கடையில வாங்கி வீட்டுல போடுற விஷயம் இல்ல இது. ஊர் பார்க்கும்னு பயந்து உங்க சம்சாரத்தையே இழந்திருப்பீங்க."

கஸ்தூரி பிழைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கிசுகிசுத்தவை

மறுநாளிலிருந்து என் பக்கத்து சீட்டுக்குத் தினமும் ஒருத்தி வந்தாள். கஸ்தூரி எப்படி இருக்கிறாள் என்று ஆரம்பிப்பாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் குரல் இறங்கும்.

"காப்பர் டி வெச்சா அது மேல ஏறி நெஞ்சுல மாட்டிக்குமாமே?" இது சாந்தி அக்கா. இரண்டாவது பிரசவத்தில் நர்ஸ் கேட்டபோது வேண்டாம் என்று ஓடி வந்தவள்.

"கைக்கொழந்தக்கிப் பால் குடுத்துக்கினு இருந்தா புள்ள நிக்காதுதான?" இது இன்னொருத்தி.

புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், மறுநாள் காலையில் போடும் அவசர மாத்திரையை வாரா வாரம் போடுவதாகச் சொன்னாள். தலை சுற்றுகிறது, தேதி தப்பித் தப்பி வருகிறது என்றாள். இன்னொருத்தி ஒவ்வொரு விசேஷத்துக்கும் தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போடுபவள். யார் எழுதிக் கொடுத்தது என்றால், போன தடவை வாங்கிய காலி அட்டையைக் கடையில் காட்டுவாளாம்.

எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. நான் மாத்திரை போடுகிறவளே தவிர, மருத்துவம் படித்தவள் இல்லை. தப்பாக எதையாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கஸ்தூரியைப் பார்க்கப் போன ஒரு மாலையில் டாக்டரம்மாவிடமே கேட்டேன்: "நீங்க எங்க கம்பெனிக்கு வந்து பேசுவீங்களா மேடம்?"

"கூப்பிட்டா வரேன். உங்க கம்பெனி விடுமா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே

கம்பெனி அவ்வளவு சுலபமாக விடவில்லை. எங்கள் ஹெச்.ஆர். சார் கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் வண்டி ஏற்பாடு செய்வார். ஆனால் இந்தப் பேச்சை எடுத்ததும் நாற்காலியில் நெளிந்தார்.

"இதெல்லாம் பர்சனல்மா. நாளைக்கு யாரோட புருஷனாவது வந்து, என் பொண்டாட்டிக்கு இன்னா சொல்லிக் குடுத்தீங்கன்னு கேட்டா நான் எங்க போறது? வேணும்னா கை கழுவுறது பத்தி ஒரு புரோகிராம் வெச்சுக்கலாம்."

அடுத்த வாரம் மறுபடி போனேன். ஆடிட் இருக்கிறது என்றார். ஆடிட் முடிந்ததும் போனேன். இந்த முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. உனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு?"

"அன்னிக்கு பஸ் சீட்டத் தொடச்சது நான்தான் சார். அடுத்த தடவ யார் ரத்தத்தத் தொடைக்கணும்னு எனக்குத் தெரியாது. அதான் கேக்குறேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

நான் லைனுக்குத் திரும்பி, நடந்ததைச் சொன்னேன். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாந்தி அக்கா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் ஹெச்.ஆர். ரூம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். கடைசியில் எங்கள் லைன் முழுக்க அங்கே நின்றது. யாரும் கோஷம் போடவில்லை. யாரும் டப்பாவைத் திறக்கவும் இல்லை. அவர் இரண்டு முறை தலை தூக்கிப் பார்த்தார். மூன்றாவது முறை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"ஷிப்டு முடிஞ்சதும் அரை மணி நேரம். கேன்டீன்ல. பஸ் வெயிட் பண்ணும். போய்ச் சாப்பிடுங்க எல்லாரும்."

வாய் திறக்காத அரை மணி

டாக்டரம்மா வந்தார். கேன்டீன் ஆண்களை வெளியே அனுப்பியிருந்தார்கள். கழுவிய மேஜைகளில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. அவர் ஒரு துணிப் படத்தைச் சுவரில் மாட்டி, கர்ப்பப்பை எங்கே இருக்கிறது, கருமுட்டை எப்படி வருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு, "சந்தேகம் இருந்தா கேளுங்க. எதுவும் தப்பு இல்ல" என்றார்.

யாரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் என் காதைக் கடித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். சாந்தி அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. இப்படியே கலைந்து போனால், "பாத்தியா, யாருக்கும் இது தேவையில்ல" என்று ஹெச்.ஆர். சொல்லிவிடுவார். மறுபடி அந்தக் கதவு திறக்காது.

எனக்கு அப்போது எளாவூரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலபுலம் உள்ள குடும்பம், பையன் நல்ல வேலையில் இருந்தான். ஒருமுறை வந்து பார்த்தான், எனக்கும் பிடித்திருந்தது. அவனுடைய சித்தி மகள் எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"மேடம், எனக்குக் கல்யாணம் ஆகல. எனக்கு ரொம்ப ரத்தம் போகும். அதுக்கு டாக்டர் எழுதிக் குடுத்து, வருஷக்கணக்கா கர்ப்பத்தடை மாத்திரை போட்டுக்கினு கீறேன். இதனால எனக்கு நாளைக்குக் கொழந்த பொறக்காதா?"

சாந்தி அக்கா நகத்திலிருந்து தலை தூக்கினாள்.

டாக்டர் என்னை மட்டும் பார்த்துப் பதில் சொன்னார். "பொறக்கும். இந்த மாத்திரை போடுறதால மலட்டுத்தன்மை வராது. நிறுத்தினதும் கருமுட்டை வர்றது பழையபடி ஆரம்பிச்சுடும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரைப் பார்த்து பி.பி. பார்க்கணும். இது எல்லாருக்கும் ஒத்துக்காது. சிகரெட் பிடிக்கிறவங்க, பி.பி. இருக்கிறவங்க, சின்னக் கொழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்க கேட்காம போடக்கூடாது. நீ உட்காரும்மா. ரொம்ப நல்ல கேள்வி."

(அவர் சொன்னது என் விஷயத்தில் சரியாகவே இருந்தது. இதை எழுதும்போது என் மகள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறாள். அவளுடைய அப்பாவை நான் சந்தித்த கதை வேறு.)

நான் உட்கார்வதற்குள் சாந்தி அக்கா எழுந்துவிட்டாள். "மேடம், காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா?"

"ஏறாது. கர்ப்பப்பையில இருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. எப்பவாவது தானா கீழ வந்து விழலாம், ரொம்ப அபூர்வமா இடம் மாறலாம். அதுக்குத்தான் வெச்ச பிறகு செக்கப்புக்கு வரச் சொல்றோம். வேணாம்னா எடுத்துடலாம், எடுத்ததும் குழந்தை நிக்கும். முதல் சில மாசம் போக்கு கொஞ்சம் கூட இருக்கும், அதைச் சொல்லிடுறேன்."

அதன் பிறகு யாரும் கை தூக்கிக் காத்திருக்கவில்லை. பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் மட்டும்தான் என்றார். அவசர மாத்திரை அவசரத்துக்கு மட்டுமே, வாரா வாரம் போட்டால் தேதி குழம்பும், தப்பியும் போகலாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, ஆணுறை, எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்றார்.

கடைசியாகக் கஸ்தூரி எழுந்தாள். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"ரெண்டு கொழந்த பெத்தேன். அப்பால இதுவும் ஆச்சு. இன்னும் என் ஒடம்பையே வெட்டணுமா மேடம்? குடும்பக் கட்டுப்பாட்ட ஆம்பளைங்களுக்குப் பண்ணா, மூட்டை தூக்க முடியாது, அதுக்கும் லாயக்கில்லன்னு சொல்றாங்களே, நெஜமா?"

"பொய். பெண்ணுக்குப் பண்றதைவிட அதுதான் சுலபம். சின்னத் துளை, அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். கொஞ்ச நாள் கனம் தூக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆம்பளத்தனம் எங்கயும் போகாது. ஆனா பண்ணின உடனே பாதுகாப்பு இல்ல. மூணு மாசம் வேற வழி பார்த்துக்கணும், அப்புறம் டெஸ்ட் பண்ணி உறுதி செய்யணும்."

பஸ் வெகுநேரம் காத்திருந்தது.

கஸ்தூரி வீட்டில் அது உடனே நடந்துவிடவில்லை. ஏழுமலை பல நாள் பிடிகொடுக்கவே இல்லை. "யோசிச்சு சொல்லு, அது வரிக்கும் நீ தனியாப் படு" என்று இவள் சொல்லிவிட்டாளாம். இரண்டு மாதம் கழித்து அவர் திருவள்ளூர் போய்ச் செய்துகொண்டு வந்தார். டீக்கடையில் யாரோ கிண்டல் செய்தபோது, "அவ செத்துப் பொழச்சா. எனக்கு இதுகூட முடியாதா?" என்றாராம். இதை எனக்குச் சொன்னது கஸ்தூரி இல்லை, அந்த டீக்கடைக்காரர்.

எளாவூரிலிருந்து போன்

கேன்டீனில் நான் சொன்னது எளாவூருக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலை நாங்கள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா போன் செய்தார். அம்மா மாவுக் கையோடு எடுத்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏதோ மாத்திரை போடுதாமே உங்க பொண்ணு? எல்லார் எதிர்லயும் அதுவே சொல்லிச்சாம். நல்ல குடும்பம்னு நெனச்சோம்..."

நான் தட்டைக் கீழே வைத்தேன். நைனா எழுந்து வெளியே போகப் பார்த்தார். இத்தனை வருஷம் அம்மா பயந்த போன் இதுதான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போனைக் கையில் எடுத்தாள்.

"ஆமாங்க, போடுறா. நான்தான் குடுக்குறேன், தெனமும். அத போடலன்னா எம்பொண்ணு எழுந்து நடக்க மாட்டா. டாக்டர் குடுத்த மருந்து. அதுல குடும்பத்துக்கு இன்னா கேடு வந்துச்சு? உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, என் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். சில நாட்கள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் போன் வந்த அன்று நான் ஷிப்டு முடிந்து வந்தபோது மாத்திரை அட்டை எங்கள் சாமி படத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. அம்மாதான் வைத்திருந்தாள்.

அந்த வார லீவு நாளில் அம்மா துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த டாக்டரம்மாவ நானும் பாக்கணும்."

"இன்னாம்மா?"

"உன் தம்பி பொறந்ததுலேர்ந்து அடி எறங்கிக் கீது. நடவு நேரத்துல தண்ணில குனிஞ்சா வெளியவே வந்துடும். உள்ள தள்ளிக்கினு நடுவேன்."

தம்பி அப்போது கல்லூரியில் இருந்தான். சொந்த நிலம்தான் என்றாலும் நடவு நாட்களில் கூலி ஆட்களோடு அம்மாவும் இறங்குவாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி அவள் நிமிர்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதுகு வலி என்றுதான் நினைத்திருந்தேன். ஊரார் கேள்விக்கு என் பொருட்டு அத்தனை பயந்தவள், தன் உடம்புக்காக ஒருமுறைகூட ஒரு டாக்டர் படி ஏறியதில்லை.

கர்ப்பப்பை இறக்கம் என்று அதற்குப் பெயர். பிறகு ஆபரேஷன் நடந்தது. இப்போது அம்மா நிமிர்ந்து நடக்கிறாள். ஆனால் என் மனதில் நிற்பது ஆபரேஷன் நாள் அல்ல, அதற்கு முன் அவளை முதல்முறை அழைத்துப் போன அந்தக் காலை நேரம்தான்.

டாக்டரம்மா என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அம்மாவுக்கு நாற்காலியைக் காட்டினார். "சொல்லுங்க, அம்மாவுக்கு என்ன பிரச்சினை?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் எப்படி ஆரம்பிக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

அம்மா என் தொடைமேல் கையை வைத்து அழுத்தினாள்.

"நீ சும்மா இரு பவி. என் ஒடம்பு, நானே சொல்றேன்."